நாவோ எந்திரிக்கலையா, காது கேக்கலையா? ஹால்ல ரோபோ வச்சிருக்கவங்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல நம்ம ஹால்ல இருக்கற நாவோங்கற குட்டி மனுஷ உருவ ரோபோவ அடுத்து பாத்துக்கப் போற தம்பி தங்கச்சிங்களுக்காக எழுதறேன். வேற ஊர் தோட்டத்துப் பக்கம் யாராவது ஆராய்ச்சிக்காரங்க இதே மாதிரி ஒன்ன கொண்டாந்து வச்சிட்டுப் போயிருந்தாலும் உதவும். வயசானவங்க ரோபோவோட எப்படிப் பேசிப் பழகறாங்கன்னு பாக்கறதுதான் நம்ம வேல, ரோபோ டான்ஸ் காட்டறது இல்ல.

மேனுவல் நல்ல மேனுவல்தான், ஆனா அது ஏர்கான் போட்ட லேப்ப மனசுல வச்சு எழுதுனது. நமக்கு தகரக் கூரை, மதியம் ஆனா வெக்கை, தலைக்கு மேல ஃபேன் கடகடன்னு ஓடும், மழ கொட்டுனா பக்கத்துல உக்காந்திருக்கவர் பேசறதே கேக்காது. "ரோபோ கெட்டுப்போச்சு அண்ணே"ன்னு வர்ற போன்ல பாதிக்கு மேல ரோபோ நல்லாதான் இருக்கும், இடம்தான் அதுக்கு ஒத்துவந்திருக்காது. அதனால ஸ்க்ரூ ட்ரைவர எடுக்காதீங்க, கீழ உங்க பிரச்சனைய தேடிப் பாருங்க.

முதல்ல உங்ககிட்ட இருக்கறது எந்த நாவோன்னு தெரிஞ்சுக்குங்க. எல்லாம் 58 சென்டிமீட்டர் உயரம், அஞ்சரை கிலோ கிட்ட, 25 மூட்டு, வெளிய பாத்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனா வி5 உள்ள 1.6 கிகாஹெர்ட்ஸ் ஆட்டம் சிப்பும் 1 ஜிபி மெமரியும், வி6 உள்ள நாலு கோர் ஆட்டமும் 4 ஜிபியும். சாஃப்ட்வேரும் வேற வேற, வி5க்கு நாவோக்கி 2.1, வி6க்கு 2.8. இத கலந்துட்டீங்கன்னா பாதி நாள் அதுலயே போயிரும் லா.

மார் பட்டன அமுக்கினேன், ஒன்னும் ஆகல

ரொம்ப நாள் பெட்டில கெடந்துச்சுன்னா பேட்டரி அடியோட எறங்கியிருக்கும். ஆஃப்லயே சார்ஜர குத்தி விட்டுட்டு போய் பசியாறிட்டு வாங்க, குத்தின உடனே அமுக்கிப் பாத்துட்டு செத்துருச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. சார்ஜர் பக்கம் லைட்டே வரலன்னா ரோபோவ விட்டுட்டு சுவர் சாக்கெட்ட பாருங்க, அதே சாக்கெட்ல போன் சார்ஜர குத்தினாலே தெரிஞ்சிரும். பெட்டில வைக்கறப்ப பாதி சார்ஜ்ல வைக்கணும், லித்தியம் பேட்டரி காலியா கெடந்தா கெட்டுரும்.

பட்டன சின்னதா ஒரு அமுக்கு, அவ்வளவுதான். ஆஃப்ல இருக்கறப்ப அஞ்சு செகண்ட் அமுக்கிப் பிடிச்சா மார்ல நீல லைட் மின்னும், அது சிஸ்டத்த புதுசா போடறதுக்கு உள்ள வழி. தலைக்குப் பின்னால பென் டிரைவ் குத்தியிருந்தா அதுல இருக்கறத இழுத்துப் போட்டுரும். சின்னப் பிள்ளைங்க கிட்ட பட்டன விடாதீங்கன்னு சொல்றது இதுக்குத்தான்.

ஆன் ஆக சில நிமிஷம் எடுக்கும். "ஓக்னாக் நூக்"னு ஒரு சத்தம் போட்டா தயார்னு அர்த்தம், அது எந்த பாஷையும் இல்ல, பயப்படாதீங்க. நடுவுல அப்படியே நின்னு போச்சுன்னா எட்டு செகண்ட் அமுக்கிப் பிடிச்சு ஆஃப் பண்ணலாம், ஆனா நின்னுக்கிட்டு இருந்தா மொதல்ல உடம்ப ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கங்க, ஆஃப் ஆனதும் தொப்புன்னு விழும்.

மத்தியானம் இடி மின்னல் வந்தா சார்ஜர மட்டும் இல்ல, லேன் கேபிளையும் கழட்டுங்க. மின்னல் ரெண்டு வழியாவும் வரும்.

ஆன் ஆச்சு, ஆனா கம்ப்யூட்டர்ல காணோம்

ஆன்ல இருக்கறப்ப மார் பட்டன ஒரு தடவ அமுக்குங்க, தன் பேரையும் ஐபி நம்பரையும் அதுவே சொல்லும். அந்த நம்பர்தான் உங்களுக்கு துப்பு. 169.254னு ஆரம்பிச்சா ரூட்டர் அதுக்கு நம்பரே குடுக்கல. 192.168னு நல்ல நம்பரா சொல்லியும் காணோம்னா உங்க லேப்டாப் வேற வைஃபைல இருக்கு, இல்ல ரூட்டர்ல கெஸ்ட் நெட்வொர்க் போட்டு வச்சிருக்காங்க. கெஸ்ட்ல ஒரு மெஷின் இன்னொரு மெஷின பாக்க விடாது. போன் ஹாட்ஸ்பாட்டும் சில சமயம் இப்படித்தான் பண்ணும்.

சந்தேகமே வேணாம்னா தலைக்குப் பின்னால மூடிய திறந்து லேன் கேபிள குத்துங்க, ரோபோ ஒரு பக்கம், அதே ரூட்டர்ல லேப்டாப் ஒரு பக்கம். கேபிள்ல வருது வைஃபைல வரலன்னா பிரச்சனை வைஃபை செட்டிங், முடிஞ்சுது கதை. புது வைஃபைல சேக்கறதும் கேபிள் குத்திட்டுத்தான், வி5னா ப்ரவுசர்ல ரோபோவோட பக்கத்த திறந்து, வி6னா ரோபோட் செட்டிங்ஸ்ங்கற ஆப்ல.

நேத்து வேல செஞ்சது இன்னிக்கு இல்லன்னு வர்றது பெரும்பாலும் கரண்ட் போய் வந்த மறுநாள். ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகி ரோபோவுக்கு வேற நம்பர் குடுத்திருக்கும், உங்க ஸ்கிரிப்ட்ல பழைய நம்பர் கெடக்கும். ரூட்டர் உள்ள போய் நாவோவுக்குன்னு ஒரு நம்பர நிரந்தரமா ஒதுக்கி வைங்க. கேபிளுக்கு ஒரு மேக் அட்ரஸ் (ரூட்டர் மெஷின அடையாளம் காணற நம்பர்), வைஃபைக்கு வேற மேக் அட்ரஸ், ரெண்டுக்கும் தனித்தனியா ஒதுக்கணும்.

கோரெக்ராஃப்ல ரோபோ தெரியுது, கனெக்ட் ஆகல

கோரெக்ராஃப்ங்கறது லேப்டாப்ல இருந்து நாவோவ ஓட்டற சாஃப்ட்வேர். இதுல மொதல்ல வெர்ஷன். வேற எதையும் பாக்கறதுக்கு முன்னால வெர்ஷன பாருங்க. 2.1 ரோபோவுக்கு 2.1 கோரெக்ராஃப், 2.8க்கு 2.8. அது சரின்னா விண்டோஸ் ஃபயர்வால், 9559 போர்ட்ட அடைச்சு வச்சிருக்கும். பைத்தான்ல எழுதறவங்களுக்கு: பழைய எஸ்டிகே (ரோபோவுக்கு புரோகிராம் எழுத கம்பெனி குடுக்கற தொகுப்பு) பைத்தான் 2.7தான், விண்டோஸ்ல 32 பிட் வேணும், 64 பிட் பைத்தான்ல இம்போர்ட் பண்ணா ஒரு டிஎல்எல் எரர் வரும், அத பாத்து ரோபோவ திட்டாதீங்க.

நிக்குது, கொஞ்ச நேரத்துல கால் தொளதொளன்னு ஆகுது

சூடு. நாவோ சும்மா நிக்கறதே முட்டி, கணுக்கால் மோட்டாருக்கு வேலதான், நம்ம மாதிரி எலும்புல பாரத்த வச்சுட்டு நிக்கறது அதுக்கு முடியாது. மோட்டார் சூடு ஏறினா சிஸ்டமே அந்த மூட்டோட பிடிப்ப கொறச்சிரும், காப்பாத்திக்கத்தான். மோட்டார் சூடாயிருச்சுன்னு வாய்விட்டும் சொல்லும், ஆனா பேசிக்கிட்டு இருக்கற தாத்தா அத தனக்கு சொன்ன பதில்னு நெனச்சுக்குவாரு. லேப்ல ஒரு மணி நேரம் தாங்கறது தகரக் கூரைக்கு அடியில தாங்காது.

வழி ரொம்ப சிம்பிள். உரையாடல் ஆராய்ச்சிக்கு ரோபோ நிக்கவே வேணாம். உக்கார வச்சு, கால் மோட்டார் பிடிப்ப ஆஃப் பண்ணி, தலையும் கையும் மட்டும் ஆட விடுங்க. பெரியவங்க நாற்காலில உக்காந்திருக்கறப்ப மேசை மேல உக்காந்திருக்கற நாவோவோட கண்ணு அவங்க கண்ணுக்கு நேரா வரும், அதுவும் ஒரு லாபம். மேசை ஓரத்துல இருந்து நல்லா உள்ள தள்ளி வைங்க. நிக்க வச்சுத்தான் ஆகணும்னா காலைல வச்சுக்குங்க, ஒவ்வொரு ஆளுக்கும் நடுவுல ரெஸ்ட் போடுங்க. ஏஎல்மெமரில, அதாவது ரோபோ தன் சென்சார் விவரத்த வைக்கற இடத்துல, ஒவ்வொரு மூட்டுக்கும் டெம்பரேச்சர் வேல்யூ இருக்கு, அத ஆரம்பத்துலயும் முடிவுலயும் ஃபைல்ல எழுதற மாதிரி ஸ்கிரிப்ட்ல ஒரு வரி சேருங்க. ரோபோ தளர்ந்து போய் பேசுன செஷனையும் விறைப்பா பேசுன செஷனையும் ஒன்னா போட்டு கணக்கு பாத்தா அந்த டேட்டாவுக்கு மதிப்பே இல்ல.

நடக்கறப்ப விழுது

ஒரு பக்கமாவே விழுதா, எப்படி வேணா விழுதா, அத மொதல்ல பாருங்க. எப்படி வேணா விழுந்தா தரை: பாலிஷ் சிமென்ட்ல தூசி இருந்தா வழுக்கும், பாய் விரிச்சிருந்தா ஓரத்துல கால் முனை மாட்டும், ஊதுபத்தி சாம்பல் கூட போதும். பாதத்த ஈரத்துணியால தொடச்சிட்டு வெறுந்தரைய கூட்டிட்டு நடக்க வைங்க.

ஒரு பக்கமாவே விழுந்தா மூட்டு. பிடிப்ப ஆஃப் பண்ணிட்டு இடது முட்டிய கையால மெதுவா மடக்கிப் பாருங்க, அப்புறம் வலது முட்டி, ரெண்டும் ஒரே மாதிரி போகணும், ஒன்னுல மட்டும் கடக்கு முடக்குன்னு இருந்தா கியர் பல்லு. அதுக்கு வீட்டு வைத்தியம் கெடையாது, நடக்கறத நிறுத்திட்டு உக்கார வச்சே வேல பாருங்க. பிடிப்பு ஆன்ல இருக்கறப்ப கைய கால முறுக்கினா நல்ல கியரும் போயிரும். தூக்கறப்ப எப்பவும் நடு உடம்ப பிடிச்சு தூக்குங்க, கைய பிடிச்சு பிள்ளைய தூக்கற மாதிரி தூக்காதீங்க.

காது கேக்கல

இதுக்குத்தான் அதிகமா போன் வரும், இதுலதான் நாலஞ்சு வேற வேற பிரச்சனை ஒரே வேஷம் போட்டுக்கிட்டு வருது.

தமிழ்ல பேசினா புரியலன்னா, புரியாது. உள்ள இருக்கற பேச்சு இன்ஜின்ல இங்கிலீஷ், ஃபிரெஞ்சு, ஜப்பானியம், அரபின்னு பல மொழி உண்டு, தமிழும் இல்ல மலாயும் இல்ல. தமிழ் வார்த்தைய இங்கிலீஷ் எழுத்துல எழுதி இங்கிலீஷ் வார்த்தைன்னு ஏமாத்திக் குடுத்தா "வணக்கம்" மாதிரி ஒன்னு ரெண்டு மாட்டும், "ஆமா", "இல்ல" மாதிரி குட்டி வார்த்தை மாட்டவே மாட்டாது. நீளமா, ஒன்னுக்கொன்னு சம்பந்தமில்லாத சத்தமா இருந்தா ஓரளவு நடக்கும்.

இங்கிலீஷ்லயே கேக்கலன்னா, ரோபோ பேசி முடிச்சு காது திறக்கறதுக்குள்ள ஆளு பேசிட்டாங்களான்னு பாருங்க. கேக்க ஆரம்பிக்கறப்ப பீப்னு ஒரு சத்தமும் கண்ணுல நீல லைட்டும் வரும். நம்ம பெரியவங்க கேள்வி முடியறதுக்கு முன்னாலயே பதில் சொல்ற ஆளுங்க, பீப் வர்றப்ப அவங்க பதில் முடிஞ்சு வேற கதைக்கு போயிருப்பாங்க. "பாட்டி, பீப் கேட்டதும் பேசுங்க"ன்னு சொல்லிப் பாக்கலாம், ஆனா அப்படி சொன்னா நீங்க பாக்கறது இயல்பான பேச்சு இல்ல. கேள்விய சுருக்குங்க, அதுதான் நல்ல வழி.

ஸ்கிரிப்ட்ல வார்த்தை கேட்டுச்சுன்னு காட்டுது, ஆனா உங்க கண்டிஷன் வேல செய்யலயா? வேர்ட் ஸ்பாட்டிங் (நீளமான பேச்சுக்கு நடுவுல ஒரு வார்த்தைய பிடிக்கறது) ஆன்ல இருந்தா வார்த்தைக்கு முன்னாலயும் பின்னாலயும் மூணு புள்ளி வச்ச அம்புக்குறிய ஒட்டி அனுப்பும், நீங்க வெறும் வார்த்தையோட சமமான்னு பாத்தா எப்பவும் இல்லன்னுதான் வரும். வந்ததுக்குள்ள உங்க வார்த்தை இருக்கான்னு தேடுங்க. கூடவே வர்ற நம்பிக்கை மதிப்பு 0ல இருந்து 1 வரைக்கும், 0.4 கிட்ட வச்சு ஆரம்பிங்க, ஃபேன் ஓடற ஹால்ல கூட்டிக்கொறச்சு பாக்கணும்.

"மாடிஃபையபிள் கிராமர் ஏற்கனவே இருக்கு"ன்னு எரர் வந்தா, இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கறப்பவே வார்த்தைப் பட்டியல மாத்தப் பாத்திருக்கீங்க. இன்ஜின தற்காலிகமா நிறுத்துங்க (pause), பட்டியல மாத்துங்க, திரும்ப ஓட விடுங்க. போன ஸ்கிரிப்ட் பாதில செத்துப்போய் அன்சப்ஸ்கிரைப் பண்ணாம, அதாவது இன்ஜின விடுவிக்காம விட்டிருந்தாலும் இதே எரர்தான்.

இதெல்லாம் சரின்னா சத்தம். மைக் நாலும் தலையிலதான் இருக்கு, தலைக்குள்ள சிப்ப குளுத்தற ஃபேனும் அங்கதான். மேல சீலிங் ஃபேன், வெளிய மோட்டார் சைக்கிள், திருவிழா சீசன்னா கோயில் ஸ்பீக்கர் வேற. மழ பேஞ்சா செஷன நிறுத்துங்க, வேற வழியே இல்ல.

நம்ம ஊருக்கு சரிப்பட்டு வர்றது ரெண்டு வழி. ஒன்னு, ரோபோவோட காத நம்பாம ஆளோட சட்டைல ஒரு காலர் மைக்க குத்தி, லேப்டாப் வழியா கிளவுட் சர்வீஸுக்கு அனுப்பறது. கூகுள் கிளவுட் ஸ்பீச்ல மலேசியத் தமிழ்னு தனியாவே ஒரு தேர்வு இருக்கு. ஆனா லைன் ஸ்லோவா இருந்தா பதில் வர லேட் ஆகும், அந்த இடைவெளில பெரியவங்க "என்னப்பா, தூங்கிருச்சா"ன்னு கேப்பாங்க. அப்ப தலைய லேசா சாய்க்கற மாதிரியோ "ம்ம்"னு சொல்ற மாதிரியோ ஒன்ன போட்டு வைங்க.

இன்னொன்னு விசர்ட் ஆஃப் ஆஸ் முறை, அதாவது திரைக்குப் பின்னால ஒரு ஆள் உக்காந்து கேட்டுக்கிட்டு, எந்த பதில சொல்லணும்னு பட்டன் அமுக்கறது. இந்த ஆராய்ச்சித் துறைல இது ரொம்ப சாதாரணம், லாரல் ரீக்ங்கற ஆராய்ச்சியாளர் 2012ல இந்த முறைய பயன்படுத்துன 54 கட்டுரைய அலசி, விசர்ட் என்ன செஞ்சாருன்னு எப்படி எழுதணும்னு வழிகாட்டுதலே குடுத்திருக்காங்க. நானும் இதத்தான் சொல்லுவேன். முடிஞ்சதும் அவங்க கிட்ட விஷயத்த ஒடச்சு சொல்லிருங்க, மறைச்சு வைக்கறது மரியாதை இல்ல.

கேட்ட கேள்விக்கு முழிச்சுக்கிட்டு நிக்குது

இது பழுது இல்ல, ஆனா பழுதுன்னுதான் சொல்வாங்க. ரோபோ "சாப்டீங்களா"ன்னு கேக்குது. பால்மரம் வெட்டுன காலத்துப் பாட்டி ஒருத்தர், "பசியாறியாச்சு. நீ?"ன்னு திருப்பிக் கேட்டுட்டு, பதிலுக்கு காத்திருக்காங்க, நல்லா முன்னால சாஞ்சு, அது வாயையே பாத்துக்கிட்டு. ஸ்கிரிப்ட்ல அடுத்த வரி "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க". அத சொன்னா பாட்டிக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. நம்ம ஆளுங்க கேள்விய வாங்கினா திருப்பிக் குடுப்பாங்க, அதுக்கு ஒரு பட்டன் இருக்கணும். "எனக்கு கரண்டுதான் பாட்டி"ன்னு ஒரு பதில சேத்ததுக்கு அப்புறம் அவங்க சிரிச்ச சிரிப்புல அடுத்த கேள்வியே தேவைப்படல.

குரலும் அப்படித்தான். தமிழ் எழுத்த அப்படியே பேச்சு இன்ஜினுக்கு குடுத்தா கம்முன்னு இருக்கும், இல்ல கண்டபடி ஏதாவது வாசிக்கும். வரிகள ஒரு ஆள வச்சு ரெக்கார்ட் பண்ணி வேவ் ஃபைலா ரோபோவுக்குள்ள போட்டு ஆடியோ பிளேயர்ல ஓட விடுங்க. நம்ம ஊர்க் குரலா இருக்கணும், டிவி நியூஸ் தமிழ்ல பேசினா பெரியவங்க எந்திரிச்சு கைகட்டி நிக்கற மாதிரி ஆயிருவாங்க. வால்யூம முழுசா ஏத்தாதீங்க, காதுல இருக்கற ஸ்பீக்கர் கரகரக்கும்.

மூஞ்சிய பாக்கவே மாட்டேங்குது

ஆளுக்குப் பின்னால வாசக்கதவு இருக்கா? அப்ப கேமராவுக்கு வெளிச்சம்தான் தெரியும், மூஞ்சி கறுப்பா ஒரு நிழல். நம்ம தோல் நிறத்துக்கு இது இன்னும் மோசம். இடத்த மாத்துங்க, கதவு ரோபோவோட முதுகுப் பக்கம் இருக்கணும். நெத்தில ஒரு கேமரா, வாய்ப்பக்கம் ஒரு கேமரா, ரெண்டும் வேற வேற திசைய பாக்குது, மனுஷக் கண்ணு மாதிரி ஜோடி இல்ல. பக்கத்துல உக்காந்திருக்கவங்க மேல் கேமராவுல இல்லன்னா கீழ் கேமராவுக்கு மாத்திப் பாருங்க.

வீடியோ திக்கித் திக்கி வருது

640க்கு 480 படம், கலர், செகண்டுக்கு 30ன்னு கேட்டா செகண்டுக்கு 27 மெகாபைட்டுக்கு மேல, அதாவது 220 மெகாபிட் கிட்ட. ஹால் வைஃபை தாங்காது. 320க்கு 240, செகண்டுக்கு 10னு கொறைங்க, இல்ல கேபிள் போடுங்க.

ஸ்கிரிப்ட திரும்பத் திரும்ப ஓட்டினதுக்கு அப்புறம் படமே வராம வெறுமனே None (ஒன்னுமில்ல)னு வந்தா, கேமரா சாகல. ஒவ்வொரு தடவையும் சப்ஸ்கிரைப் பண்ணிட்டு விடாம போயிருக்கீங்க, ஒரே பேருக்கு இத்தனைன்னு ஒரு எல்லை இருக்கு. பழைய சப்ஸ்கிரைபர் எல்லாத்தையும் கழட்டுங்க, ஸ்கிரிப்ட்ல ஃபைனலி போட்டு அன்சப்ஸ்கிரைப் எழுதுங்க.

நான் சொல்லாமலே தலைய ஆட்டுது

பேய் இல்ல. ஆட்டோனமஸ் லைஃப் ஆன்ல இருக்கு, சத்தம் வந்தா திரும்பும், ஆள பாத்தா பின்னாலயே பாக்கும். உங்க ஸ்கிரிப்ட் இடதுபக்கம் திருப்பும், அது வலதுபக்கம் இழுக்கும். முழுசா டிசேபிள் பண்ணா ரோபோ தளர்ந்து உக்காந்துரும், அப்புறம் வேக் அப் குடுக்கணும். தலை மட்டும்தான் பிரச்சனைன்னா பேசிக் அவேர்னஸ மட்டும் நிறுத்துங்க. எத ஆன்ல வச்சீங்கன்னு குறிச்சு வைங்க, ரோபோ தானா கண்ண பாத்துச்சா நீங்க பாக்க வச்சீங்களான்னு பின்னால கேப்பாங்க.

பெப்பர் நகர மாட்டேங்குது

பெப்பர், அதே கம்பெனியோட சக்கரம் வச்ச பெரிய ரோபோ, வச்சிருக்கவங்களுக்கு சுருக்கமா. சார்ஜிங் மூடி திறந்திருந்தா சக்கரம் சுத்தாது, மூடுங்க. கழுத்துக்குப் பின்னால எமர்ஜென்சி பட்டன் அமுங்கியிருக்கான்னு பாருங்க, பிள்ளைங்க கட்டிப் பிடிக்கறப்ப அமுங்கும். 120 சென்டிமீட்டர், 28 கிலோ, சாஞ்சா பிள்ளை மேலதான் சாயும், அதனால படிக்கட்டு பக்கமே வேணாம்.

டவுன்லோட் பக்கத்த காணோம்

நாவோ செஞ்ச அல்டெபரான் 2005ல பாரிஸ்ல ஆரம்பிச்ச கம்பெனி, 2012ல சாஃப்ட்பேங்க் கைக்கு போச்சு, அப்புறம் ஜெர்மனிக்காரங்க கைக்கு, 2025ல கடன்ல விழுந்து சொத்த ஒரு சீனக் கம்பெனி வாங்கிருச்சு. லிங்க் இன்னிக்கு இருக்கும் நாளைக்கு இருக்காது. கோரெக்ராஃப் இன்ஸ்டாலர், எஸ்டிகே, சிஸ்டம் இமேஜ், மேனுவல் எல்லாத்தையும் ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல போட்டு வைங்க. ஒரு விஷயத்துல நாவோ பரவால்ல, எல்லாம் அது தலைக்குள்ளயே ஓடுது. ஜீபோன்னு ஒரு வீட்டு ரோபோ, 2017ல ஆளுங்க கைக்கு வந்துச்சு, 2019ல சர்வர் மூடப் போறாங்கன்னு அதுவே வாய்திறந்து சொல்லிட்டு அடங்கிருச்சு. புதுசா ரோபோ வாங்கப் போறவங்க கிட்ட, லைன் இல்லாம எத்தனை வேல செய்யும்னு கேட்டுட்டு வாங்கச் சொல்லுங்க.

எல்லாம் பாத்தாச்சு, இன்னும் சரியாகல

ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னால லாக்க, அதாவது ரோபோ தானா எழுதி வைக்கற பதிவு ஃபைல எடுத்துக்குங்க. எஸ்எஸ்எச்ல (லேப்டாப்ல இருந்து நெட்வொர்க் வழியா நுழையற வழி) உள்ள போங்க, யூசரும் பாஸ்வேர்டும் கம்பெனி குடுத்தப்ப ரெண்டுமே நாவோதான், அத இன்னும் மாத்தலன்னா இன்னிக்கே மாத்துங்க, கேமரா இருக்கற மெஷின். உள்ள வார் (var) ஃபோல்டர், அதுக்குள்ள லாக், அதுக்குள்ள நாவோக்கி. அந்த ஃபைல், எந்த வி, எந்த நாவோக்கி, எத்தனை மணிக்கு ஆச்சு, அப்ப ஃபேன் ஓடுச்சா மழ பேஞ்சுச்சா, எல்லாத்தையும் ஒரே மெசேஜ்ல அனுப்புங்க. "அண்ணே ரோபோ வரல"ன்னு மட்டும் வாட்ஸ்அப் பண்ணா நான் திருப்பி இதே கேள்வியத்தான் கேப்பேன்.